ஜெபசீலன் பூட்டி வைத்த மீடியா

ஜெபசீலனுக்கு வாசனை தெரியாது. பம்மலில் ஒரு தோல் பதனிடும் கம்பெனியின் சோதனைக்கூடத்தில் இளமையெல்லாம் கழித்தவர். சல்பைடும் அமோனியாவும் சேர்ந்து அவர் மூக்கை ஒரு வழி பண்ணிவிட்டன. மல்லிகைச் சரமும் மீன் மார்க்கெட்டும் அவருக்கு ஒன்றுதான். வீட்டில் பால் திரிந்துவிட்டதா, காஸ் கசிகிறதா என்று பார்ப்பதெல்லாம் மனைவி ரத்தினபாயின் பொறுப்பு.

போன மூக்குக்கு ஈடாகக் கண்ணைத் தீட்டி வைத்திருந்தார். வைத்த பொருள் வைத்த இடத்திலிருந்து விரற்கடை நகர்ந்திருந்தாலும் தெரிந்துவிடும். யார் நகர்த்தினார்கள், எதற்கு நகர்த்தினார்கள் என்ற கேள்வி கூடவே வந்துவிடும். பதில் கிடைக்கிறவரை சோறு இறங்காது. ஊரப்பாக்கத்தில் அவர் குடியிருந்த தெருவில் தண்ணீர் லாரிக்காரன்கூட அவரைக் கண்டால் குழாயைச் சரியாகப் பிடிப்பான்.

தோல் கம்பெனியை மூடிய பிறகு, 1996இல், பீர்க்கன்கரணை ஏரிக்குப் பக்கத்தில் ஒரு திசு வளர்ப்புக் கூடத்தில் அவருக்கு வேலை கிடைத்தது. தாவரவியலில் டாக்டர் பட்டம் வாங்கிய ஸ்ரீரங்கன் என்பவர் தன் சொந்த மாடி வீட்டையே கூடமாக மாற்றியிருந்தார். வாழைக் குருத்தில் ஒரு துணுக்கை வெட்டி, கண்ணாடிப் பாட்டிலில் சத்துக்கூழின் மேல் வைத்தால் அது கிளைத்துக் கன்றுகளாகப் பெருகும். அந்தச் சத்துக்கூழுக்கு அங்கே மீடியா என்று பெயர். உப்புகள், சர்க்கரை, வைட்டமின், ஹார்மோன் எல்லாவற்றையும் நிறுத்து, காய்ச்சி வடித்த வாலைவடி நீரில் கரைத்து, புளிப்பைச் சரிபார்த்து, கடற்பாசிப் பொடி போட்டுக் காய்ச்சி, பாட்டிலில் ஊற்றி, பஞ்சடைத்து, பெரிய பிரஷர் குக்கர் போன்ற ஆட்டோகிளேவில் வேகவைத்து எடுப்பது ஜெபசீலனின் வேலை. ஆறிய பாட்டில்களை உடனே பயன்படுத்த மாட்டார்கள். பூஞ்சை கிளம்புகிறதா என்று ஒரு வாரம் சும்மா வைத்துப் பார்ப்பார்கள்.

பூஞ்சை பிடித்த பாட்டிலைக் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே மூக்கு காட்டிக்கொடுத்துவிடும் என்று வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே ஸ்ரீரங்கன் சொன்னார். ஜெபசீலன் தலையாட்டினார். தனக்கு மூக்கு வேலை செய்யாது என்பதைச் சொல்லவில்லை. அன்றைக்குச் சொல்லாததை அப்புறம் எந்த நாளிலும் சொல்ல முடியாமல் போயிற்று. பாட்டிலை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தே காலத்தை ஓட்டினார். ஒரு தப்பும் வந்ததில்லை.

2007இல் நெல் வந்தது. கோயம்புத்தூர் பக்கத்து விதைக் கம்பெனி ஒன்று, உப்பு நிலத்தில் விளையும் ஒரு நாட்டு நெல்லைத் திசு வளர்ப்பில் பெருக்கிக் கொடுக்க முடியுமா என்று கேட்டது. ஸ்ரீரங்கன் ஒப்புக்கொண்டார். அதற்காக ஷபீனா என்ற பெண்ணை வேலைக்கு எடுத்தார். எம்.எஸ்ஸி. முடித்தவள், பம்மலில் தோல் கையுறை வியாபாரம் செய்யும் அமீருதீனின் மகள். ஒரு வருஷத்துக்குள் நெல்லை முளைக்க வைத்துக் காட்டினால் வேலை நிரந்தரம் என்று பேச்சு. வீட்டில் கல்யாணப் பேச்சு எடுத்தபோது, அந்த ஒரு வருஷத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்திருந்தாள்.

வாழை சொன்ன பேச்சு கேட்கும். நெல் கேட்காது. உமி நீக்கிய நெல்மணியை மீடியாவின் மேல் வைத்தால் முதலில் வெண்மஞ்சளாக ஒரு திசுக்கட்டி திரளும். கேலஸ் என்பார்கள். வயலில் களையைக் கொல்கிற மருந்தையே துளியளவு மீடியாவில் கலந்தால்தான் அது திரளும் என்பது ஜெபசீலனுக்கு முதலிலேயே பிடிக்கவில்லை. விஷத்தைக் கொடுத்து வளர்ப்பது என்ன வளர்ப்பு என்று நினைத்தார். பிறகு அந்தக் கேலஸை வேறொரு மீடியாவுக்கு மாற்ற வேண்டும். அதில் பச்சைப் புள்ளிகள் தோன்றி, புள்ளி குருத்தாக வேண்டும். பெரும்பாலும் அது நடக்காது. கேலஸ் பழுப்பாகி, கருத்து, செத்துப்போகும். இந்த ரக நெல்லுக்கு எந்த மீடியா ஒத்துக்கொள்ளும் என்று கண்டுபிடிப்பதுதான் ஷபீனாவின் வேலை. சாதாரணச் சர்க்கரைக்குப் பதில் மால்ட்டோஸ் என்ற வேறு வகைச் சர்க்கரையைப் போடச் சொன்னாள். அமோனியத்தைக் குறைத்து நைட்ரேட்டைக் கூட்டினாள். புரோலின் என்ற அமினோ அமிலத்தைச் சேர்த்தாள். கூழை இன்னும் இறுக்கமாக்கச் சொன்னாள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு வரிசைப் பாட்டில். பக்கத்தில் ஒப்பிட்டுப் பார்க்க மாற்றாத பழைய மீடியாவில் ஒரு வரிசை.

"தினம் ஒண்ணு மாத்தினா, எதனால எது நடந்துச்சுன்னு எப்படி மேடம் தெரியும்?" என்று ஜெபசீலன் ஒருநாள் கேட்டார்.

"அதுக்குத்தான் சார், ஒரு தடவைக்கு ஒண்ணே ஒண்ணு மாத்தறேன்."

"எனக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியுதான்னு கேட்டேன்."

ஷபீனா சிரிக்கவில்லை. கோபித்துக்கொள்ளவும் இல்லை. கையிலிருந்த பழைய மீடியாக் கணக்குச் சீட்டைத் துண்டு துண்டாகக் கிழித்துத் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு போனாள்.

அது ஜெபசீலனை உறுத்தியது. குப்பைக்கூடை காலடியில் இருக்கும்போது கிழித்த காகிதம் பைக்குள் எதற்குப் போகிறது? அன்றிலிருந்து கவனித்தார். போன் வந்தால் மொட்டை மாடிக்குப் போய்ப் பேசினாள். கீழே சிக்னல் கிடைக்காது என்பதும், பேசவேண்டுமென்றால் தானுமே மாடிக்குத்தான் போகிறோம் என்பதும் அவருக்குத் தெரியும். இருந்தாலும் தான் ஊருக்குப் பேசுவது வேறு, அவள் பேசுவது வேறு. ஹைதராபாத்தில் ஒரு கூடம் இதே மாதிரி நெல்லில் இறங்கியிருப்பதாக ஸ்ரீரங்கன் சாப்பாட்டு வேளையில் சொன்னது அவர் மனசில் போய் உட்கார்ந்துகொண்டது.

மழைக்காலத்தில் மால்ட்டோஸ் வரிசையில் நாலைந்து பாட்டிலில் பச்சைப் புள்ளி தெரிந்தது. ஷபீனா அந்தப் பாட்டில்களைக் கையிலெடுக்காமல் குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ஸ்ரீரங்கன் எல்லாருக்கும் சமோசா வாங்கிவரச் சொன்னார். அந்த வாரமே, மறுசுற்றுக்காக ஊற்றி வைத்திருந்த பாட்டில்களில் ஒன்று சுவரைப் பார்த்துத் திரும்பியிருப்பதை ஜெபசீலன் கண்டார். அவர் எப்போதும் லேபிள் தன்னைப் பார்க்கிற மாதிரிதான் வைப்பார்.

துணுக்குகளைப் பாட்டிலுக்குள் வைக்கும் வேலை ஞானசௌந்தரியுடையது. பெருங்களத்தூர்க்காரி, கை சுத்தம், வாய்தான் கொஞ்சம் நீளம். அவளைக் கூப்பிட்டுக் கேட்டார்.

"இந்த ரேக்கை யார் தொட்டது?"

"நான் தொடல சார்."

"நிஜமா?"

"இன்னா சார், தொட்டா தொட்டேன்னு சொல்லிட்டுப் போறேன். எனக்கு இன்னா பயம்?"

"அப்ப பாட்டில் தானா திரும்பிச்சா?"

"எலி கிலி வந்துச்சோ இன்னாவோ. எல்லாத்தையும் என்னாண்டயே கேக்கிறீங்களே, ஷபீனாம்மாவக் கேளுங்க."

அவள் தொடவில்லை, தான் தொடவில்லை, ஸ்ரீரங்கன் அந்தப் பக்கம் வருவதேயில்லை. மிச்சம் இருப்பது ஒரே ஆள். ஜெபசீலன் அன்று மாலையே முடிவெடுத்தார். யாரும் போகாத வராந்தாக் கோடியில் பழைய இரும்பு பீரோ ஒன்று சும்மா கிடந்தது. அதைத் துடைத்து, நெல் மீடியாப் பாட்டில்களை மட்டும் அதற்குள் அடுக்கிப் பூட்டினார். வாழை மீடியா நூற்றுக்கணக்கில் இருந்ததால் பழையபடி திறந்த ரேக்கிலேயே நின்றது. பீரோவுக்குள் கரப்பான் ஓடியது. கரப்பான் பஞ்சடைப்பைக் கடித்தால் பூஞ்சை உள்ளே போய்விடும். ஆகவே எல்லா வீட்டிலும் செய்வதைத்தான் அவரும் செய்தார். பாச்சை உருண்டைப் பாக்கெட் வாங்கிவந்து ஒவ்வொரு தட்டிலும் மூலைக்கு மூலை போட்டார். கரைந்து சிறுத்தால் புதிதாகப் போட்டார். அவருக்கு அது வெள்ளை உருண்டை, அவ்வளவுதான். சாவி சட்டைப் பையில். சாப்பாட்டுப் பையையும் பீரோவின் அடித்தட்டிலேயே வைத்துக்கொண்டார், வேறு எங்கும் வைக்க மனம் வராமல்.

அதற்குப் பிறகு நெல் சாக ஆரம்பித்தது.

புது மீடியாவுக்கு மாற்றிய கேலஸ் எல்லாம், பச்சைப் புள்ளி விட்டதும் சேர்த்து, சில நாளிலேயே பழுத்து, ஓரம் கருகி, நீர் விட்டது. மால்ட்டோஸ் வரிசையும் செத்தது, பழைய மீடியா வரிசையும் செத்தது. ஷபீனா புரோலினை இரட்டிப்பாக்கிப் பார்த்தாள். பிறகு அடியோடு நீக்கிப் பார்த்தாள். ஹார்மோனை மாற்றினாள். தண்ணீரைச் சந்தேகப்பட்டு அதை வடிக்கும் வாலைக்கலத்தைக் கழுவச் சொன்னாள். அதே தண்ணீரில் செய்த வாழை மட்டும் கொழுகொழுவென்று வளர்ந்துகொண்டிருந்தது.

"பூட்டி வச்சும் சாகுதுன்னா, பூட்டைத் திறந்து கொடுத்த அப்புறம்தானே ஏதோ நடக்குது" என்று ஜெபசீலன் கணக்குப் போட்டார். அவருக்கு அந்தக் கணக்கில் ஓட்டையே தெரியவில்லை.

ஷபீனாவும் ஒரு கணக்குப் போட்டிருந்தாள். ஜனவரியில் ஒரு மத்தியானம் அவருடைய அறை வாசலில் வந்து நின்றாள். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

"சார், ஒண்ணு கேக்கலாமா?"

"கேளுங்க."

"நான் எழுதிக் கொடுக்கறதைத் தவிர வேற ஏதாவது மீடியாவுல சேக்கறீங்களா?"

ஜெபசீலன் தராசின் கண்ணாடிக் கதவை மூடினார்.

"வேற என்ன சேக்கணும்னு எதிர்பாக்கறீங்க?"

"தெரியல சார். அதான் கேக்கறேன். பழைய மீடியாகூடச் சாகுதே. அது உங்க மீடியா. அது எப்படிச் சாகும்?"

"என் மீடியா என் கையில இருக்கிறவரைக்கும் நல்லாத்தான் இருக்கு மேடம். அப்புறம் யார் கைக்குப் போகுதுன்னு நீங்களே யோசிச்சுப் பாருங்க."

அவள் திரும்பிப் போனாள். வடிகட்டிய காற்று வீசும் லேமினார் மேடையில் பாட்டில் திறக்கிற ஞானசௌந்தரிக்கு முகமூடி. காற்று வேறு முகத்தில் அடித்துக்கொண்டேயிருக்கும். ஸ்பிரிட் நெடி தவிர எதுவும் ஏறாது. ஷபீனா கையிலெடுப்பதெல்லாம் செத்துப்போன பாட்டிலை, அதையும் மூடியபடி. அந்தப் பாட்டில்களை முகர்ந்து பார்க்க அந்தக் கட்டடத்தில் ஆளே இல்லை.

பிப்ரவரி முதல் வாரம் ஜெபசீலன் ஸ்ரீரங்கனின் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார். கிழித்த காகிதம், மாடிப் பேச்சு, திரும்பிய பாட்டில், பூட்டு, சாவி என்று ஒன்று விடாமல் சொன்னார். எதையும் கூட்டிச் சொல்லவில்லை. ஸ்ரீரங்கன் நெற்றியைத் தடவிக்கொண்டே கேட்டார்.

"அவங்கதான் கெடுக்கறாங்கன்னு உறுதியா சொல்றீங்களா?"

"வேற யாரு சார் இருக்கா?"

"கம்பெனிக்காரங்க வேற நேத்துக் கேட்டாங்க. சரி. திங்கக்கிழமை அந்தப் பொண்ணை அனுப்பிடறேன். வேலை சரியில்லன்னு மட்டும் சொல்லிக்கறேன். மத்ததைப் பேசி அவங்க வீட்டுக்காரங்களை இங்க வரவழைக்க வேண்டாம்."

சனிக்கிழமை சாயங்காலம் ஜெபசீலன் ஊரப்பாக்கத்தில் ரயிலை விட்டிறங்கி, நிம்மதியாக வீட்டுக்கு வந்தார். ரத்தினபாய் சாப்பாட்டுப் பையை வாங்கினாள். உள்ளே கொண்டுபோகாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நானும் ரெண்டு மூணு மாசமா கேக்கக்கூடாதுன்னு இருந்தேன். இன்னிக்குக் கேட்டுடறேன். யார் வீட்டு பீரோவுல இந்தப் பையை வைக்கிறீங்க?"

"என்னது?"

"பையைத் தொட்டா பாச்சை உருண்டை நாத்தம். டிபன் பாக்ஸ் மூடியைத் திறந்தா சோத்துலயும் அதே நாத்தம். உங்க சட்டையிலயும் அடிக்குது. ஆபீஸ்ல யாரும் புடவை அடுக்கி வைக்கிற பீரோ வச்சிருக்க மாட்டாங்கல்ல?"

"நீ என்ன நினைக்கிற?"

"நான் ஒண்ணும் நினைக்கல. நினைச்சிருந்தா ரெண்டு மாசம் சும்மா இருப்பேனா?"

ஜெபசீலனுக்குச் சிரிப்பு வரவேண்டிய இடம். வரவில்லை. "சோத்துலயுமா?" என்று கேட்டார்.

"சோத்துலதான் ஜாஸ்தி. ஈரமா இருக்கிறதுல ஏறிக்கும்ல."

அவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தார். மூடிபோட்ட டிபன் பாக்ஸுக்குள் சோற்றில் ஏறுகிறது என்றால், பஞ்சு மட்டும் அடைத்த பாட்டிலுக்குள் கூழில் ஏறாதா? ஒரு வாரம் முழுக்க? வாழை ரேக்கில் இருக்கிறது, வாழைக்கு ஒன்றுமில்லை. மால்ட்டோஸ் வரிசை பச்சை விட்டபோது பீரோ கிடையாது.

ஆனால் ரத்தினபாய் சொன்னதையே நம்பிவிட அவரால் முடியவில்லை. அவள் மூக்குக்கு மிஞ்சித் தோன்றியிருக்கலாம். பாச்சை உருண்டை பூச்சிக்குத்தான் ஆகாது, பயிருக்கு என்ன? பச்சைப்பயறு எடுத்து ஊறப்போட்டார். ஞாயிறு காலை கோவிலுக்குக் கிளம்புமுன் இரண்டு எவர்சில்வர் டப்பாவில் ஈரத்துணியோடு சமமாகப் பிரித்தார். ஒன்றில் துணிமேல் பஞ்சு வைத்து, பஞ்சின்மேல் இரண்டு பாச்சை உருண்டை. இன்னொன்றில் வெறும் பஞ்சு. ஒன்றைச் சமையலறையிலும் மற்றதை வாசல்புறத்திலும் வைத்தார். அன்று போதகர் என்ன பேசினார் என்று கேட்டிருந்தால் சொல்லியிருக்க மாட்டார்.

திங்கள் காலையில் இரண்டையும் திறந்தார். வெறும் பஞ்சு டப்பாவில் பயறெல்லாம் வெள்ளை வால் விட்டிருந்தது. மற்றதில் பயறு ஊதிப்போய் அப்படியே கிடந்தது. முளைத்தது ஒன்றிரண்டுதான், அதுவும் நுனி பழுத்து.

"முளைகட்டின பயறா? சுண்டல் பண்ணிடட்டுமா?" என்று ரத்தினபாய் எட்டிப்பார்த்தாள்.

"தொடாத" என்றார். டப்பாக்களைப் பையில் போட்டுக்கொண்டு வழக்கத்துக்கு முந்தின ரயிலைப் பிடித்தார்.

ரயிலில் நின்றுகொண்டே யோசித்தார். இதைச் சொல்ல வேண்டுமென்றால் மூக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். கட்டடத்தில் இருக்கிற யார் பீரோவைத் திறந்திருந்தாலும் முகத்தில் அடித்திருக்கும். தினம் திறந்த உனக்கு மட்டும் எப்படித் தெரியாமல் போயிற்று என்பதுதான் முதல் கேள்வியாக வரும். சொல்லாமல் விட்டால், உருண்டைகளை எடுத்து எறிந்துவிட்டால், ஷபீனா போய்விடுவாள், நெல் பிழைத்துக்கொள்ளும், அவள்தான் கெடுத்தாள் என்பதும் நிரூபணமாகிவிடும். அவ்வளவு கச்சிதமாக அது அமைந்திருந்ததே அவருக்குப் பயமாக இருந்தது.

ஸ்ரீரங்கன் வந்து உட்கார்ந்ததும் மேஜைமேல் இரண்டு டப்பாவையும் திறந்து வைத்து, சொல்ல வேண்டியதைச் சொன்னார். ஸ்ரீரங்கன் பயறைப் பார்க்கவில்லை. ஜெபசீலனின் முகத்தைப் பார்த்தார்.

"போன வாரம் அந்தப் பொண்ணு கெடுக்குதுன்னீங்க. இன்னிக்குப் பாச்சை உருண்டைங்கறீங்க."

"ஆமா சார்."

"இடையில யாரு வந்து பார்த்தாங்க? அமீருதீன் பாயா? நீங்களும் பம்மல்ல இருந்தவர்தானே."

இந்தக் கேள்வியை ஜெபசீலன் எத்தனையோ பேரிடம் கேட்டிருக்கிறார். தன்னிடம் கேட்டு இதுதான் முதல் தடவை.

"யாரும் வரல சார். அவரை நான் பார்த்ததுகூட இல்ல."

"அப்ப அந்த பீரோவைத் தினம் திறக்கிற உங்களுக்கு நாத்தம் தெரியலையா?"

"எனக்கு வாசனை தெரியாது சார். பம்மல்லயே போயிடுச்சு."

"எப்பலேர்ந்து?"

"இங்க வர்றதுக்கு முன்னாடியே."

ஸ்ரீரங்கன் எழுந்து, "வாங்க, பார்த்துடலாம்" என்றார். போகும் வழியில் ஷபீனாவையும் கூப்பிட்டார். என்ன நடக்கிறது என்று புரியாமல் அவள் கைக்குட்டையைக் கசக்கிக்கொண்டு வந்தாள். ஞானசௌந்தரி கூப்பிடாமலே பின்னால் வந்தாள். ஜெபசீலன் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்துப் பீரோவைத் திறந்தார். மூன்று பேரும் ஒரே சமயத்தில் பின்வாங்கியதை அவர் பார்த்தார். அப்போதுதான் அவருக்கே முழுதாக நம்பிக்கை வந்தது.

"ஐயய்யே" என்று ஞானசௌந்தரி முந்தானையால் மூக்கைப் பொத்தினாள். "இதுக்குள்ள எதை வச்சாலும் செத்துப்பூடும் சார். நானே செத்துடுவேன் போலக்கீது."

ஷபீனா ஒரு பாட்டிலை எடுத்துப் பஞ்சைப் பிடுங்கி முகர்ந்தாள். இன்னொன்றை எடுத்தாள். மூன்றாவதையும் எடுத்தாள்.

"எல்லா மீடியாவும் இதுக்குள்ளதான் இருந்துச்சா சார்?"

"நெல் மட்டும்" என்றார் ஜெபசீலன்.

"எதுக்குப் பூட்டினீங்க?"

அவர் பதில் சொல்வதற்குள் ஸ்ரீரங்கன், "உன் மேல சந்தேகப்பட்டுத்தான்" என்றார். "நீ கெடுக்கறேன்னு எங்கிட்ட சொன்னாரு. இன்னிக்கு உன்னை அனுப்பறதா இருந்தேன்."

ஷபீனா ஜெபசீலன் பக்கம் திரும்பினாள்.

"போட்டுக் குடுத்ததும் நீங்க. வந்து காப்பாத்தறதும் நீங்களா?"

"காப்பாத்தலாம் வரல மேடம். நடந்ததைச் சொன்னேன்."

"நான் புரோலின்ல தப்பு, ஹார்மோன்ல தப்புன்னு மூணு மாசம் மண்டையை உடைச்சுக்கிட்டேன் சார். வீட்ல போய் அழுதேன். எனக்குப் படிப்பே வரலையோன்னு நினைச்சேன்."

ஜெபசீலன் தட்டுகளிலிருந்த உருண்டைகளைப் பொறுக்க ஆரம்பித்தார். ஞானசௌந்தரி வாயைத் திறந்தாள்.

"அந்தப் பாட்டில் திரும்பிக்கினு இருந்துச்சே, அது நான்தான் சார். ரேக்கு தூசியா இருந்துச்சுன்னு தொடச்சேன். சொன்னா கத்துவீங்கன்னு சொல்லல."

ஜெபசீலன் அவளை உற்றுப் பார்த்தார். அன்றைக்குப் பொய் சொன்னவள் இன்றைக்கு மட்டும் எதற்கு உண்மை சொல்கிறாள் என்று அந்த நேரத்திலும் அவருக்குத் தோன்றத்தான் செய்தது.

ஸ்ரீரங்கன் யாரையும் அனுப்பவில்லை. விதைக் கம்பெனியிடம் பேசி இன்னும் கொஞ்சம் அவகாசம் வாங்கினார். ஒரே ஒரு சுற்று; மால்ட்டோஸ் வரிசையும் பழைய மீடியா வரிசையும் மட்டும். இந்தத் தடவையும் பச்சை வராவிட்டால் நெல் வேண்டாம், அதோடு ஷபீனாவும் போக வேண்டியதுதான் என்று எல்லாரும் கேட்கச் சொன்னார். மூக்கு விஷயத்தை அப்புறம் பேசுவதாகச் சொல்லிவிட்டார். அந்த 'அப்புறம்' ஜெபசீலனின் தலைக்கு மேலே தொங்கிக்கொண்டேயிருந்தது.

புதிதாக ஊற்றிய பாட்டில்களை எங்கே வைப்பது என்ற கேள்வி வந்தது. ஷபீனாவின் அறையில் ஒரு கண்ணாடி அலமாரி இருந்தது. ஜெபசீலன் அதன் பூட்டுச்சாவியை அவளிடம் நீட்டினார்.

"உங்ககிட்டயே இருக்கட்டும் மேடம்."

"எனக்கு வேணாம் சார். நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா, சாவி யார்கிட்ட இருந்துச்சுன்னுதான் முதல்ல கேப்பீங்க."

அவள் சொன்னது நியாயம் என்று பட்டது. கடைசியில் அந்தப் பாட்டில்களைக் கூடத்து நடுவில், எல்லாரும் போகிற வருகிற இடத்தில், ஒரு திறந்த ரேக்கில் வைத்தார்கள். அவரவர் போகும்போதும் வரும்போதும் ஒரு பார்வை பார்த்தார்கள். பாட்டிலையும் பார்த்தார்கள், அங்கே நிற்பவரையும் பார்த்தார்கள். தினமும் ஒரு பாட்டிலைத் திறந்து முகர்ந்து சொல்வது ஞானசௌந்தரியின் வேலையாயிற்று.

"இன்னா சார் இது, எனக்கு மோப்ப நாய் வேலையா?"

"நாய்க்கு வாய் இவ்வளவு நீளம் கிடையாது" என்றார் ஜெபசீலன்.

கேலஸ் இந்த முறை பழுக்கவில்லை. பழைய மீடியா வரிசையில் கொஞ்சம் சோம்பலாகவும், மால்ட்டோஸ் வரிசையில் திடமாகவும் இருந்தது. மார்ச் கடைசியில் ஒரு காலை ஷபீனா ரேக்கின் முன் குந்தி உட்கார்ந்திருப்பதை ஜெபசீலன் பார்த்தார். அருகில் போகாமல் நின்றார். தான் கைவைத்ததாக ஆகிவிடக் கூடாது. அவளே கூப்பிட்டாள்.

"சார், இங்க வந்து பாருங்க. உங்க கண்ணுக்குத்தான் தெரியும். இது பச்சையா, இல்ல எனக்கு அப்படித் தோணுதா?"

அவர் பாட்டிலைக் கையில் வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்தார். ஊசிமுனை அளவுக்கு மூன்று புள்ளி. இன்னும் சாய்த்தார்.

"பச்சைதான்" என்றார். "பக்கத்துல இன்னும் ரெண்டு வருது."

மே மாதத்தில் ஷபீனாவின் வேலை நிரந்தரமாயிற்று. குருத்துவிட்ட நெல் பாட்டில்களை விதைக் கம்பெனிக்காரர்கள் வந்து வாங்கிப்போனார்கள். ஸ்ரீரங்கன் ஜெபசீலனையும் அனுப்பவில்லை. மீடியா அறைக்கு வேறு ஆள் கிடைக்கவில்லையா, மனசு வரவில்லையா என்பது அவருக்குத் தெரியாது, இரண்டையுமே சந்தேகப்பட்டார்.

அடுத்த ரகம் வந்தபோது ஷபீனா எழுதிய சீட்டைக் கொடுத்துவிட்டுப் போகவில்லை. தராசின் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்று, ஒவ்வொரு உப்பும் நிறுக்கப்படுவதைப் பார்த்தாள். முன்னால் யாராவது அப்படி நின்றிருந்தால் ஜெபசீலன் அன்றைக்கே வேலையை விட்டிருப்பார். இப்போது அவள் பார்க்கும்படி தராசை அவள் பக்கம் திருப்பி வைத்தார். சில நாள் பம்மலிலிருந்து அவள் வருகிற பஸ் தாமதமாகும். அப்போதெல்லாம் அவர் தராசைத் துடைத்து வைத்துவிட்டு, புட்டிகளை மூடியபடியே வரிசையாக நிறுத்தி, அவள் வந்து பக்கத்தில் நிற்கிறவரை ஒன்றையும் திறக்காமல் உட்கார்ந்திருப்பார்.